அறையில் இருப்போர்

கான்கிரீட் கட்டியை நொறுக்கிச் சோதிக்கும் அறையில் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் எழுதுபவர் அண்ணன். இயந்திரத்தை இயக்குபவர் தம்பி. இதே அறையில் வேலை பார்த்து மறைந்த அப்பா காலத்திலிருந்து அவர்கள் குடும்பம் கையெழுத்திட்ட படிவத்தில் ஒரு பொய்யும் ஏறியதில்லை. ஓய்வு பெறும் அண்ணனுக்கு இதுவே கடைசிப் படிவம்.

அறையில் இருப்போரை எண்ணி, மூன்று என்று எழுதினார்.

"அண்ணே, நாம ரெண்டு பேருதானே? கண்ணாடிய மாத்துங்க!"

மறுபடி எண்ணினார். மூன்றுதான்.

"எண்ணினதத்தான்டா எழுதுவேன். கொஞ்சம் தள்ளி நில்லு, இடம் விடு."

தம்பி சிரித்துக்கொண்டே தள்ளி நின்று இயந்திரத்தை இயக்கினார். கட்டி வெடித்துச் சிதறியது. சாம்பல் நிறத் தூசி தரையெங்கும் படிந்தது. இருவரும் விலகியபோது, மூன்று ஜோடிப் பாதங்களின் அளவுக்குத் தரை சுத்தமாக இருந்தது.

'மூவருக்கும் காயமில்லை' என்று எழுதி, அண்ணன் நிறைவாகக் கையெழுத்திட்டார்.