தேங்காய் எண்ணெயின் திண்ம நிலை

இக்கதையை 2023 டிசம்பர் 9 அன்று அந்தமானின் ஹட் பே ஜெட்டியில், கப்பல் நான்கு மணி நேரம் தாமதமானபோது கேட்டேன். சொன்னவர் ரெங்கம்மா. அங்குள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் மதிய உணவு சமைப்பவர். நடந்ததை நேரில் கண்டவர். பள்ளியின் பெயரை எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை.

ஐந்தாம் வகுப்பு அறிவியல் தேர்வில் ஒரு கேள்வி: 'குளிர்காலக் காலையில் தேங்காய் எண்ணெய் எந்த நிலையில் இருக்கும்?'

விடைக்குறிப்பின்படி, திண்மம். பத்தொன்பது பிள்ளைகளும் திரவம் என்று எழுதியிருந்தார்கள். ஆசிரியை சுகுணா பத்தொன்பது பேருக்கும் முழு மதிப்பெண் போட்டிருந்தார்.

சுகுணா ஒப்பந்த ஆசிரியை. ஆண்டுதோறும் ஆய்வு அதிகாரி நற்சான்று எழுதிக் கையெழுத்திட்டால்தான் வேலை நீடிக்கும். அவ்வாண்டு ஆய்வுக்கு வந்தவர் சிவப்பிரகாசம். மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆனவர்.

விடைத்தாள்களைப் புரட்டியவர், பிள்ளைகள் முன்னிலையிலேயே விசாரணையைத் தொடங்கினார்.

"என்ன மிஸ் இது? தப்பான விடைக்கு மார்க்கை அள்ளி விட்டிருக்கீங்க?"

"இங்க எண்ணெய் உறையிறதில்ல சார். பிள்ளைகள் பார்த்ததைத்தான் எழுதினாங்க. பார்க்காததை எழுதச் சொல்ல ஏலாது."

"ஏலாது," என்று அவர் அச்சொல்லை மட்டும் இழுத்துத் திருப்பிச் சொன்னாராம். சுகுணாவின் குடும்பம் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்தது. அச்சொல் அவர்கள் வீட்டில் இன்றும் புழங்குகிறது.

பிறகு அவர் பருப்பொருளின் மூன்று நிலைகளையும் விளக்கினார். தீவுக்காரர்களுக்கு உலகம் ஜெட்டியோடு முடிந்துவிடுவதையும் சேர்த்து விளக்கினார். வகுப்பில் மின்விசிறி ஒன்றுதான்; பேசி முடிப்பதற்குள் கைக்குட்டை நனைந்துவிட்டது. அறிக்கையில் 'பாட அறிவு போதாது' என்று எழுதப்போவதாக அறிவித்தார்.

அந்த மூன்று சொற்கள் விழுந்தால் சுகுணாவுக்கு வேலை இல்லை. இது சமையலறை வரை எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் எழுதுவது மட்டும் போதவில்லை அதிகாரிக்கு, நிரூபிக்கவும் வேண்டியிருந்தது.

"கண்ணால பார்த்தாத்தான் ஒத்துப்பீங்களோ? என் குவார்ட்டர்ஸ்ல தினமும் பார்க்கறேன். காலையில பாட்டில்ல ஸ்பூனை விட்டுத் தோண்டினாத்தான் தலைக்கு எண்ணெய்."

அந்தத் தலையில் எவ்வளவு முடி இருந்தது என்பதை ரெங்கம்மா இவ்விடத்தில் சைகையால் காட்டினார்.

ஓட்டுநர் கோவிந்தராஜ் ஜீப்பில் அனுப்பப்பட்டார். பத்து நிமிடத்தில் பாட்டிலோடு திரும்பினார். எண்ணெய் மெழுகு போல வெளுத்து இறுகியிருந்தது, கவிழ்த்தாலும் அசையவில்லை. பிள்ளைகள் அதைக் கைக்குக் கை மாற்றி, முகர்ந்து, கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார்கள்.

"இப்ப சொல்லுங்க. இது என்ன நிலை?"

"திண்மம் சார்," என்றது வகுப்பு. சுகுணாவும் அதையே சொன்னார், வேறு சொல்வதற்கில்லை.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

பாட்டில் அப்போது சௌமியா என்ற மாணவியின் கையில் இருந்தது. எண்ணெய் ஓரமெல்லாம் இளகித் தெளிந்துகொண்டிருந்தது.

"இங்க வந்ததும் உருகுதே சார். உங்க வீட்ல மட்டும் எப்படி உறைஞ்சது?"

தம் விளக்கத்துக்குப் பலன் கிடைத்ததாக அவர் மகிழ்ந்து போனார். "வெரி குட். வெப்பம் குறைஞ்சா திரவம் திண்மமாகும். என் ரூம் பதினெட்டு டிகிரி."

"எப்படி சார் பதினெட்டு?"

அதற்கான விடை, வாசலில் நின்ற கோவிந்தராஜிடமிருந்து வந்தது. பெருமையோடுதான் சொன்னார் என்பது ரெங்கம்மாவின் துணிபு.

"ஏசி, பாப்பா. ஏக்தம் புது ஏசி. உங்க கம்ப்யூட்டர் ரூமுக்குன்னு மெயின்லேண்ட்ல இருந்து கப்பல்ல வந்துச்சே, அதுதான். ஜெட்டியில இருந்து நானே வண்டியில ஏத்திட்டுப் போய் சாருக்கு மாட்டிக் குடுத்தேன்."

அதிகாரி திறந்த பேனாவை மூடவில்லை. 'மிகச் சிறந்த ஆசிரியை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பாட்டிலைத் திரும்பக் கேட்காமலேயே புறப்பட்டுப் போனார்.

இது ரெங்கம்மா சொன்ன வடிவம்.

பாம்பூஃப்ளாட் ஃபெர்ரியில் கேட்ட வடிவத்தில் நற்சான்று கிடைப்பதில்லை. ஓட்டுநருக்கும் மாற்றல் வந்துவிடுகிறது. அதைச் சொன்ன ஸ்ரீதர் கோவிந்தராஜின் மைத்துனர்.

அதிகாரி அங்கேயே மனம் வருந்தி, பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு, அன்று மாலையே ஏசியைக் கழற்றிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டதாகவும் ஒரு வடிவம் உண்டு. அதைத் திக்லிபூரில் ஒரே ஒருவர் சொல்லக் கேட்டேன். பெயர் ஈஸ்வரன், எழுத்தர். அவருடைய பதவி உயர்வுக் கோப்பு சிவப்பிரகாசத்தின் மேசையில் இருக்கிறது.