வலக்கைப் பட்டை

பக்கவாதத்தில் கோமளவல்லிக்கு வலக்கை விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு மணிக்கட்டிலும், அசைவை உணர்ந்து விளக்கை இயக்கும் பட்டையை மருத்துவமனையில் கட்டிவிட்டிருந்தார்கள். இடக்கையை உயர்த்தி "விளக்கு" என்றால் எரியும். வலக்கைத் தசை லேசாகத் துடித்தாலே அணைந்துவிடும். அது ஒருநாளும் துடித்ததில்லை; அணைப்பதெல்லாம் கணவர் சிவநேசன்தான்.

விளக்கு எரிந்ததும் கும்பிடுவது அவளுக்குப் பழக்கம். அன்று அந்தியிலும் விளக்கைப் போட்டுவிட்டு, ஒற்றைக் கையை நெஞ்சருகே கொண்டுபோனாள். விளக்கு அணைந்தது.

"கரண்ட் போயிருச்சா?" சமையலறையிலிருந்து சிவநேசன் கேட்டார்.

"இல்லீங்க, ஃபேன் ஓடுது. கொஞ்சம் இங்க வாங்களேன்."

அவர் வந்து நின்றதும் இடக்கையை உயர்த்தி, "விளக்கு" என்றாள். எரிந்தது. மறுபடியும் கும்பிட்டாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டுக்காகக் காத்திருந்தார்கள்.