முதிரை வளையம்

வளையத்தின் கடைசி ஓரத்தை வெட்டி முடித்தபோது மரத்தூள் கிறகரியின் உதட்டில் ஒட்டியிருந்தது. துப்பினான். போகவில்லை.

வான் வண்டியின் இடப்பக்கக் கதவில் ஸ்பீக்கர் பூட்டுவதற்கான வளையம் அது. வலப்பக்கத்துக்கு ஏற்கெனவே பூட்டியாகிவிட்டது.

கடற்காற்றில் ஒட்டுப்பலகை ஆறு மாதம் தாங்காது. ஊதிப்போய், மிட்ரேஞ்ச் ஸ்பீக்கர் கதவுத் தகரத்தோடு சேர்ந்து கரகரக்கும். அதனால் கிறகரி பழைய, உரமான முதிரை மரப் பலகையில் வளையம் வெட்டி, அதன் மேல்தான் ஸ்பீக்கரை இருத்துவான். மன்னாரில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை என்று சொல்லிச் சொல்லியே பெயர் எடுத்தவன்.

பலகை எங்கே கிடைத்தது என்று மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

தொண்ணூறில் எருக்கலம்பிட்டி முஸ்லிம் சனத்தை இயக்கம் உடுத்த உடுப்போடு வெளியேற்றிய பிறகு, ஆளில்லாத ஒரு வீட்டில் அவன் கழற்றிய இரட்டைக் கதவு. அதில் ஒன்றைத்தான் இப்போது துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தான்.

இன்று வானைக் கொண்டுவந்தவன் வஸீர். சண்டை முடிந்து மூன்று வருடம் பொறுத்து, போன மாதம்தான் புத்தளத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பியிருந்தான். முதல் வளையத்தைப் பூட்டும்போது பேச்சுவாக்கில் கேட்டான்.

"எங்கட வாப்பா அப்துல் றசாக். எருக்கலம்பிட்டியில பள்ளிக்குப் பின்னால வீடு. தெரியுமா அண்ணன்?"

தெரியாது என்றான் கிறகரி. அந்த வீட்டு வாசலில் நின்று கதவின் பிணைச்சல் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியவன் அவன்.

சீ என்றிருந்தது. தன் வாயே நாறுவதுபோல இருந்தது.

வேறு பலகை இல்லை. இரண்டாவது வளையத்தையும் அதிலேயே வெட்ட வேண்டியிருந்தது, வஸீர் பக்கத்தில் நின்று பார்க்கப் பார்க்க. ஒரு கட்டத்தில் அவன் வெட்டுத்துண்டு ஒன்றை எடுத்து மூக்கருகே பிடித்தான். கண்டுபிடித்துவிட்டான் என்று கிறகரி வெட்டுவதை நிறுத்தினான். அவனோ துண்டைக் கீழே வைத்தான்.

அதன் பிறகு கிறகரி தலை தூக்கவேயில்லை. அம்பிளிபயரின் நாலு சனல்களில் இரண்டை, கீச்சுச் சத்தத்துக்கான ட்வீட்டர்களுக்கும் இரண்டை மிட்ரேஞ்சுக்கும் கொடுத்தான். தடித்த சத்தம் போனால் ட்வீட்டர் கருகிவிடும். அப்படியிருந்தும் இரண்டு தரம் வயரை மாற்றிக் கொடுத்து, நல்லகாலம் பாட்டைப் போட முன்னம் கண்டான். பதினைந்து வருடத்தில் செய்யாத பிழை.

பாட்டைப் போட்டதும் குரல் ஒரு கரகரப்பும் இல்லாமல், ஆள் பக்கத்தில் நின்று பாடுவதுபோல வந்தது. இதுவரை அவன் பூட்டியதிலேயே திறமான வேலை. கேட்கக் கேட்க அவனுக்குக் குமட்டியது. தகப்பன் வீட்டுக் கதவை மகனுக்கே வெட்டி விற்கிற ஒரு அற்பனை அவன் வேறெங்கும் கண்டதில்லை.

வஸீர் பாட்டை நிறுத்தினான்.

முகத்தில் கோபம் இல்லை. வெட்டி மிஞ்சிய பலகையைப் பார்த்தான். பிறகு முற்றத்துக்கு அப்பால், கிறகரியின் மனைவி மார்த்தா பச்சைப் பெயின்ற் அடித்து வைத்திருந்த வீட்டு வாசற்கதவைப் பார்த்தான்.

"மற்றக் கதவையாவது வெட்டிப்போடாதீங்கோ அண்ணன். காலையில உங்களைக் கூப்பிட அதைத் தட்டேக்கயே, எங்கட கதவெண்டு சத்தத்தில விளங்கிட்டுது."