வைத்தியச் சாமியின் பக்தை

காலை வெயில் கணினித் திரையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்க, இரவு டூட்டி முடித்து வந்து சீருடையைக்கூட மாற்றாத நர்ஸ், கணினி விளையாட்டில் தன் பாத்திரம் எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று அரை மணி நேரமாகத் திணறுகிறாள். எந்தச் சாமியோ அந்தச் சக்திதான் கிடைக்கும்; சாமி இல்லாமல் உள்ளே போக முடியாது. காபியில் ஆடை படிந்துவிட்டது. “வைத்தியச் சாமிய எடு. உனக்குப் பழகின வேலைதானே?” என்கிறான், பக்கத்தில் தன் மடிக்கணினியோடு காத்திருக்கும் அண்ணன். “பன்னெண்டு மணி நேரம் அதத்தான் பண்ணிட்டு வர்றேன். இங்கயாவது நாலு பேர வெட்டுறேனே!” அவள் சண்டைச் சாமியை நெருங்கும்போது, பொறுமையிழந்த அண்ணன் மவுஸைப் பிடுங்கி வைத்தியச் சாமியைத் தட்டிவிடுகிறான். இனி மாற்ற முடியாது என்கிறது திரை. அவள் பல்லைக் கடிக்கிறாள். முதல் சண்டையிலேயே அண்ணனின் வீரன் சுருண்டு விழுகிறான். “ஏய், மருந்து போடு, சாகப்போறேன்!” அவள் காலைத் தூக்கி மேசைமேல் போட்டுக்கொள்கிறாள். “டூட்டி முடிஞ்சிடுச்சுண்ணா.”