சிரிக்கும் சித்தியின் ரத்தம்

"பொண்ணு ரத்தத்துல இவ்வளவு அழற்சி, இத்தனை மனச்சோர்வுக் குறி! மறைச்சு எங்க தலையில கட்டப் பாத்தீங்களா?" மாப்பிள்ளையின் அம்மா போட்ட சத்தத்தில், காயப்போட்ட துணியை எடுக்கும் சாக்கில் நானும் எதிர்வீட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். இப்போதெல்லாம் ஜாதகத்தோடு, பட்ட கஷ்டம் மரபணுவின் மேல் விட்டுப்போகும் குறிகளையும் ரத்தத்தில் பார்த்துப் பொருந்தினால்தானே நிச்சயதார்த்தம்!

"அது என் ரத்தமே இல்லைங்க அத்தை," என்றாள் மணப்பெண் யாழினி. "நான் உம்முன்னு இருக்கேன்னு பயந்து, அம்மா எங்க சித்தி ரத்தத்தை அனுப்பிட்டாங்க. வீட்டுலயே அவங்கதான் எப்பவும் சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க."

பஜ்ஜித் தட்டோடு நின்ற சித்தி மங்களேஸ்வரி அப்போதும் சிரித்தாள். "மெஷின் தப்பு," என்று சித்தப்பா அவசரமாகச் சொன்னார். அந்த அவசரம் எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை.

யாழினி பிறகு சோதனையே கேட்காத ஒருவனைக் கட்டிக்கொண்டாள். சித்தி, சித்தப்பாவை விட்டுத் தேனிக்குத் தனியாகப் போய்விட்டாள். அங்கே யாரிடமும் சிரிப்பதில்லையாம். நன்றாகத் தூங்குகிறாளாம்.