ஆறாத தூக்குப்போசி

தர்மபுரியில் சின்ன ரயில் நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. அதன் பழைய என்ஜின் ஒன்றைக் காட்சிக்கூடத்தில் நிறுத்தியிருந்தார்கள். 1968-இல் ஞாயிற்றுக்கிழமைதோறும் வெல்டர் காசிமும் நண்பர்களும் சம்பளமில்லாமல் அதைப் பழுதுபார்த்தார்கள்.

மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மதலேனம்மாளும் வந்து பித்தளையைத் துலக்குவாள். அவள் கணவர் சவரி அந்த என்ஜினில் கரி அள்ளிப் போட்டவர். ரயில் ஓடிய காலத்திலேயே இறந்துபோனார். வந்ததும் அவள் மதியச் சாப்பாட்டுத் தூக்குப்போசியை என்ஜின் அடுப்புக்கு மேலிருந்த தட்டில் வைப்பாள். சவரி அங்கேதான் வைப்பாராம். மதியம் எடுக்கும்போது களி சுடச்சுட இருக்கும். கொதிகலனில் தண்ணீர் கிடையாது. அடுப்புக்குள் குருவி கூடு கட்டியிருந்தது. பக்கத்திலேயே இருக்கும் காசிமின் போசி ஆறிப்போயிருக்கும்.

மார்கழியில் வேலை முடிந்தது.

"அடுத்த ஞாயிறு தீ மூட்டறோங்கம்மா. மொதக் கரி நீங்கதான் போடணும்" என்றான் காசிம்.

மதலேனம்மாள் போசியை முந்தானையில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாம் தம்பி. தீ மூட்டிட்டா எல்லாரு போசியுந்தான் சூடாவும். அவரு வந்திருக்காருன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"