கம்பிவலை

ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட சொந்த வீடுள்ள இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். சுடலைமணிக்குத் தெரிந்தவர்கள் எல்லோருமே வாடகை வீட்டில் இருந்தார்கள். அதனால் வழக்கு முடியும்வரை அவன் சிறையிலேயே கிடந்தான். பார்க்க வரும்போதெல்லாம் கம்பிவலை வழியே அவன் விரலைத் தொட்டபடிதான் அவன் மகள் தர்ஷினி பேசப் பழகினாள்.

குற்றமற்றவன் என்று விடுதலையாகி இன்று வீட்டுக்கு வந்தவன், மகளைத் தூக்கக் கைகளை நீட்டினான். அவள் அலறிக்கொண்டு அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டாள்.

"ஏட்டி, இதான்டி ஒங்க அப்பா" என்றாள் அம்மா.

"இல்ல. எங்கப்பா வலைக்குள்ளல்லா இருப்பாங்க."

சுடலைமணி எழுந்து வெளியே போனான். கொசுவலை அடித்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, வலையில் விரலை வைத்தான்.

தர்ஷினி சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். அந்த விரலின்மேல் தன் விரலை வைத்துக் கேட்டாள்:

"எப்பம்பா வீட்டுக்கு வருவீங்க?"